இட்லி அரிசி இல்லையா, புளி தீர்ந்துவிட்டதா? எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது: தாராவி சமையலறைகள் சொல்லும் கணக்கு

2015-ல் தாராவியிலிருந்து ஒரு சமையல் புத்தகம் வந்தது. பெயர் 'தி இன்டிசைசிவ் சிக்கன்'. முடிவெடுக்க முடியாத கோழி என்று தமிழில் சொல்லலாம். மும்பையில் இயங்கும் ஸ்னேஹா தொண்டு நிறுவனம் அந்த ஆண்டு நடத்திய தாராவி பினாலே கலை விழாவின் ஒரு பகுதியாக, கலை வரலாற்றாளர் பிரக்ஞா தேசாய் எழுதிய நூல் அது. தாராவியில் வசிக்கும் எட்டுப் பெண்களின் சமையல் குறிப்புகளும், கூடவே அவர்களின் கதைகளும் அதில் உள்ளன.

வீட்டுச் சமையலை எழுதி வைப்பது எவ்வளவு சிரமம் என்பது அம்மாவிடம் போனில் குழம்பு கேட்ட எல்லோருக்கும் தெரியும். "எவ்வளவு புளி?" என்றால் "பாத்துப் போடு" என்பார். அளவு தெரியாமல் சொல்லும் பதில் இல்லை அது. அன்றைய புளியின் புளிப்பைப் பொறுத்து அளவு மாறும் என்பதைத்தான் அவர் இரண்டு வார்த்தையில் சொல்கிறார். ஊர் மாறும்போது இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இதைத்தான்: கிடைப்பதை வைத்து, ருசி கெடாமல்.

இட்லியில் எது அசையாது?

தாராவியின் தமிழ்க் குடும்பங்கள் வீட்டிலேயே அவிக்கும் இட்லி, காலையில் சைக்கிளில் ஏறி மும்பையின் பல பகுதிகளுக்குப் போகிறது. ஹார்ன் சத்தம் கேட்டதும் பாத்திரத்தோடு இறங்கி வருபவர்களில் தமிழர்கள் பாதிகூட இருக்க மாட்டார்கள். குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் இடத்தில், ஊறவைப்பதும் அரைப்பதும் அந்த நேரத்தை ஒட்டித்தான் நடக்கும்.

அரிசியை மாற்றலாம். மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் போனால் இட்லி அரிசியே கிடைக்கும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அருகிலுள்ள கடையில் 'உக்டா சாவல்' கேளுங்கள், புழுங்கல் அரிசி அதுதான். சிவப்பு உக்டா என்றால் இட்லி நிறம் மாறும், ருசி நன்றாகவே இருக்கும். வீட்டில் இருப்பது கோலம் பச்சரிசி மட்டும்தானா? நான்கு டம்ளருக்கு அரை டம்ளர் அவல் சேர்த்து அரைத்தால் இட்லி கல்லாகாது. பாஸ்மதி வேண்டாம். காசுக்கும் கேடு, இட்லிக்கும் கேடு.

உளுந்தை மட்டும் மாற்ற முடியாது. மாவு புளிக்கும்போது நுண்ணுயிரிகள் விடும் வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்புதான். வேறு பருப்பைப் போட்டால் அடை வரும், இட்லி வராது. கிரைண்டரில் அரைத்தால் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போதும். மிக்ஸி என்றால் மூன்றுக்கு ஒன்று, அதுவும் ஐஸ் தண்ணீர் விட்டு. மிக்ஸியின் சூட்டில் உளுந்து பொங்காது. அரைத்த மாவில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மே மாத மும்பையில் ஆறேழு மணி நேரத்திலேயே மாவைத் திறந்து பாருங்கள். ஜனவரியில் விடிய விடிய விட்டாலும் சில நாள் போதாது.

அரைக்கவே நேரமில்லையா? இட்லி ரவை வாங்கி, உளுந்தை மட்டும் அரைத்துக் கலக்கலாம். இட்லி ரவை என்பது அரிசி ரவை, உப்புமா ரவை இல்லை. உப்புமா ரவையில் செய்வது ரவா இட்லி, அதற்குத் தயிரும் சோடாவும் வேண்டும். அதுவும் தட்டுப்பாட்டில் பிறந்த பலகாரம்தான். இரண்டாம் உலகப் போரின்போது அரிசி கிடைக்காமல் போனதால் ரவையில் செய்து பார்த்ததாக பெங்களூரு எம்டிஆர் நிறுவனம் சொல்கிறது.

புளிக்குப் பதில் கோகம் போடலாமா?

போடலாம், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு. குழம்பில் புளிக்கு இரண்டு வேலை: புளிப்பு தருவது, கெட்டியாக்குவது. கொங்கண் பக்கத்துக் கோகம் முதல் வேலையை மட்டும் செய்யும். எலுமிச்சை அளவு புளிக்கு ஏழெட்டு கோகம் இதழை ஊறவைத்து, ருசி பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பருப்பைக் கொஞ்சம் அதிகம் போடுங்கள், அல்லது ஒரு ஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து விடுங்கள். எலுமிச்சைச் சாறு என்றால் அடுப்பை அணைத்த பிறகுதான், கொதிக்கவிட்டால் கசக்கும். வத்தக்குழம்பில் மட்டும் இந்த வித்தையெல்லாம் செல்லாது. அங்கே புளிதான் குழம்பே.

தேங்காயும் இப்படித்தான். மராத்திக் கடையில் கிடைக்கும் கொப்பரையை வறுத்து அரைத்தால் வறுத்தரைத்த குழம்புக்கு அருமை. சட்னிக்கு ஆகாது. சட்னிக்குத் தேங்காய் கம்மியா இருந்தா பொட்டுக்கடலையைக் கூட்டுங்கள், இல்லையேல் நிலக்கடலைச் சட்னிக்கு மாறிவிடுங்கள். மும்பையில் பொட்டுக்கடலைக்கு 'டாலியா' என்று பெயர். சில கடைகளில் டாலியா கேட்டால் உடைத்த கோதுமை வரும், பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள்.

பொரியலுக்கு நல்லெண்ணெயா கடலை எண்ணெயா என்று சண்டை தேவையில்லை. இட்லிப் பொடிக்கு மட்டும் நல்லெண்ணெய்தான். இது என் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவன் இல்லாமல் கேக்?

பத்துக்குப் பத்து அறையில் ஓவனுக்கு இடமேது? குக்கர் போதும். கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு ஸ்டாண்ட் வைத்து, பத்து நிமிடம் காலியாகச் சூடாக்குங்கள். ஒரு கப் ரவை, முக்கால் கப் சர்க்கரை, முக்கால் கப் தயிர், மூன்றில் ஒரு கப் எண்ணெய், அரை கப் பால் கலந்து அரை மணி ஊறட்டும். பிறகு ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் ஸ்பூன் சோடா. எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி உள்ளே வைத்து, சிறு தீயில் 40 நிமிடம். குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

பாலுக்குத் தேங்காய்ப் பால், சர்க்கரைக்கு வெல்லம், ரவையில் பாதிக்குக் கேழ்வரகு மாவு (இங்கே 'நாச்னி') என்று எதையும் மாற்றலாம். வெல்லம் போட்டால் பாலை ஒரு பிடி குறையுங்கள். தயிரைத் தூக்கிவிட்டு சோடாவை மட்டும் வைத்திருந்தால் கேக்கில் சோப்பு வாசனை வரும். புளிப்பு இருந்தால்தான் சோடா வேலை செய்யும். தயிர் இல்லாவிட்டால் பாலில் ஒரு ஸ்பூன் வினிகரோ எலுமிச்சையோ விட்டுத் திரியவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

தாராவியில் பல குடும்பங்களுக்கு வீடும் பட்டறையும் ஒன்றுதான். இட்லி அவிப்பவர்கள் அந்த அடுப்புக்கு மேலேயே தூங்குகிறார்கள். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் ஏலம் எடுத்த மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவர்களுக்கு தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு வீடு வேறு பகுதிகளில். விடிகாலை மூன்று மணிக்கு எரியும் அடுப்பை அடுக்குமாடியின் எத்தனையாவது மாடியில் வைப்பது, சைக்கிள்காரர் எங்கே வந்து இட்லியை ஏற்றுவார் என்பதெல்லாம் திட்டத்தின் ஓரத்தில் எழுதும் சின்ன விவரங்கள் இல்லை. அந்தக் குடும்பங்களின் வருமானமே அதில்தான் இருக்கிறது.

செம்பூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து அம்மாவின் சமையலை எழுதி வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: "எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இது இல்லன்னா என்ன போடுவீங்க?" என்று கேளுங்கள். "இது இல்லன்னா அன்னைக்கு அதைச் செய்யவே மாட்டேன்" என்று எந்தப் பொருளுக்குச் சொல்கிறாரோ, அதன் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.