ஒற்றைப்படைத் தேதியிலிருந்து தாலுகா மருத்துவமனை வரை: மாரடைப்புச் சிகிச்சை ஆய்வுகளின் முக்கால் நூற்றாண்டு

மைசூரைச் சுற்றியுள்ள ஒரு தாலுகா மருத்துவமனைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தால் முதலில் ஈசிஜி எடுக்கிறார்கள். அது மைசூரு ஜெயதேவா இதய மருத்துவமனைக்குப் போகிறது. மாரடைப்புதான் என்று பதில் வந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசியை அங்கேயே இலவசமாகப் போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கர்நாடக அரசு 2023-24இல் தொடங்கிய டாக்டர் புனீத் ராஜ்குமார் ஹ்ருதய ஜோதி திட்டத்தின் நடைமுறை இது. இந்தச் சில நிமிட வேலைக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு ஆய்வுகள் இருக்கின்றன. மருந்துகள் மாறிய கதை பலரும் அறிந்தது. யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், குலுக்கலில் எதைப் போட்டார்கள் என்பதும் கூடவே மாறியிருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1940களின் பிற்பகுதியில் அமெரிக்க இதயச் சங்கத்துக்காக இர்விங் ரைட் தலைமையிலான குழு ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளைச் சோதித்தது. ஒற்றைப்படைத் தேதியில் சேர்ந்தவருக்கு மருந்து, இரட்டைப்படைத் தேதியில் சேர்ந்தவருக்குக் கிடையாது. நியாயமான ஏற்பாடாகத்தான் தோன்றும். கடைசியில் எண்ணிப் பார்த்தால் மருந்துப் பக்கம் 589 பேர், மறுபக்கம் 442 பேர். மாரடைப்பு நாள்காட்டி பார்த்து வருவதில்லை, சேர்க்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். மருந்தில் நம்பிக்கை வைத்த மருத்துவர் ஒருவர், இரவு 11 மணிக்கு வந்தவரை நள்ளிரவு தாண்டிச் சேர்த்துக்கொள்வதை எந்த விதி தடுத்திருக்கும்? அடுத்து யாருக்கு எது என்பது முன்கூட்டியே தெரிந்தால் ஒப்பீடு கெட்டுவிடும் என்ற பாடம் அந்த 147 பேர் வித்தியாசத்தில் இருக்கிறது.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் 1950களின் இறுதியிலேயே மாரடைப்புக்குச் செலுத்தப்பட்டது. ஆனால் அடுத்த கால் நூற்றாண்டில் நடந்த ஆய்வுகள் எல்லாம் சிறியவை. ஒன்று பலன் என்றது, இன்னொன்று இல்லை என்றது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டு போன சலீம் யூசுஃப். ரோரி காலின்ஸ், ரிச்சர்ட் பீட்டோ இருவரோடு சேர்ந்து 1984இல் அவர் வைத்த வாதம் எளிமையானது: நூற்றுக்கு இரண்டு மூன்று உயிர்களைக் காப்பாற்றும் மருந்தை இருநூறு பேரிடம் சோதித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும், அதற்குப் படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

1986இல் இத்தாலியின் கிஸ்ஸி ஆய்வு சுமார் 11,800 பேரிடம் ஸ்ட்ரெப்டோகைனேஸைச் சோதித்தது. 21 நாள் இறப்பு 13 சதவீதத்திலிருந்து 10.7 ஆகக் குறைந்தது. 1988இல் ஐசிஸ்-2, 17,187 பேர். எந்த மருந்தும் பெறாதவர்களில் 13.2 சதவீதத்தினர் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களில் 8 சதவீதத்தினர். ஒரு மாத ஆஸ்பிரினின் விலையை நினைத்தால் மருத்துவ வரலாற்றில் இதைவிட மலிவான வெற்றி அரிது. முடிவுகளை வயது, பால் என்று கூறுகூறாகப் பிரித்துக் காட்டச் சொன்னபோது ஆய்வாளர்கள் ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் ஆகவில்லை! அளவுக்கு மீறிக் கூறுபோட்டால் எதையும் நிரூபிக்கலாம் என்று சொல்லத்தான் இந்தக் குறும்பு. நம் ஊரில் சொல்லியிருந்தால் சிலர் நம்பியும் இருப்பார்கள்.

அடுத்த ஆண்டே காஸ்ட் ஆய்வு வேறொரு நம்பிக்கையை உடைத்தது. மாரடைப்புக்குப் பின் வரும் துடிப்புக் கோளாற்றை அடக்கிய மருந்துகளைச் சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தார்கள்: 56 பேர், வெற்று மாத்திரைக் குழுவில் 22 பேர். ஈசிஜி அழகாக இருந்தது, ஆள் இல்லை.

இதய நோய் ஆராய்ச்சியில் மைசூருக்கும் தனி இடம் உண்டு. ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் 1954 வரை பிறந்தவர்களில் 517 பேரைத் தேடிப்பிடித்து 1996இல் வெளியான ஆய்வு, குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று காட்டியது. அது பிரசவப் பதிவேடுகளைக் கொண்டு செய்தது. சிகிச்சை ஆய்வில் பெரிய எண்ணிக்கை தந்தது பெங்களூரு வழி. செயின்ட் ஜான்ஸின் பிரேம் பயஸ், டெனிஸ் சேவியர் ஆகியோரும் பங்கேற்ற கிரியேட்-எக்லா ஆய்வு குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் கலந்த சொட்டு மருந்தை 20,201 பேரிடம் சோதித்தது. 1998இல் 407 பேரிடம் நம்பிக்கை தந்த சிகிச்சை அது. 2005இல் வந்த முடிவில் சொட்டு மருந்து பெற்றவர்களில் இறப்பு 10.0 சதவீதம், பெறாதவர்களில் 9.7. பலன் இல்லை என்று உறுதியாகத் தெரிந்ததும் ஒரு லாபம்தான். இப்படிப்பட்ட முடிவு அலமாரியில் முடங்காமல் இருக்கத்தான் இந்தியாவில் 2009 முதல் ஆய்வு தொடங்குமுன் பதிவு செய்வது கட்டாயமானது.

அதே குழுவின் கிரியேட் பதிவேடு 2008இல் கேள்வியையே திருப்பிப் போட்டது. 50 நகரங்கள், 89 மருத்துவமனைகள், 20,000க்கும் மேற்பட்டவர்கள். வலி தொடங்கி மருத்துவமனை வந்துசேர நடுமதிப்பில் 360 நிமிடம். வந்தபின் ஊசி போட 50 நிமிடம். ஏழைகளில் 30 நாள் இறப்பு 8.2 சதவீதம், வசதியுள்ளவர்களில் 5.5. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்ததும் இந்த வித்தியாசம் மறைந்துபோனது. புதிய மருந்து தேடுவதைவிட இருப்பதைக் கொண்டுசேர்ப்பது பெரிய வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஸ்ட்ரெப்டோகைனேஸை ஒரு மணி நேரம் ஏற்ற வேண்டும். டெனெக்டெப்ளேஸ் ஒரே ஊசியில் முடிகிறது. அதற்கு முன் பயன்பட்ட ஆல்டெப்ளேஸ் என்ற மருந்துக்கு இது சளைத்ததல்ல என்று அசென்ட்-2 ஆய்வு 1999இல் காட்டியது. ஒரு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்காதவர்களுக்கு முதலில் ஊசி, பிறகு ஆஞ்சியோ என்ற வழி ஈடுகொடுக்கும் என்று 2013இல் ஸ்ட்ரீம் சொன்னது. தாலுகா மருத்துவமனையில் ஊசி போடும் யோசனைக்கு இவை இரண்டும் அடித்தளம்.

இதன்பின் சோதிக்கப்பட்டது ஏற்பாடு. தமிழ்நாட்டில் நான்கு மைய மருத்துவமனைகளோடு 35 சிறிய மருத்துவமனைகளை இணைத்து, 2,420 நோயாளிகளை முன்-பின் என்று ஒப்பிட்டார்கள். ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆனது. கேரளத்தின் ஏசிஎஸ் குயிக் ஆய்விலோ 63 மருத்துவமனைகள் எந்த வரிசையில் புதிய நடைமுறைக்கு மாறுவது என்பதையே குலுக்கலில் முடிவு செய்தார்கள். 21,374 நோயாளிகள். மேலோட்டமாகப் பார்த்தால் இறப்பு உள்ளிட்ட பாதிப்புகள் 6.4இலிருந்து 5.3 சதவீதமாகக் குறைந்தன; காலப்போக்கில் தானாக நடந்த முன்னேற்றத்தையும் மற்ற வேறுபாடுகளையும் கழித்ததும் அந்த வித்தியாசம் நிற்கவில்லை. தமிழ்நாட்டு முடிவை நான் தள்ளுபடி செய்யவில்லை. ஆனால் கேரளத்திலும் முன்-பின் மட்டும் பார்த்திருந்தால் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். ஒற்றைப்படைத் தேதியின் பாடம் மருத்துவமனைகளுக்கும் பொருந்துகிறது.

மைசூரில் இதையெல்லாம் கோக்கும் இடம் பதிவேட்டின் ஒரு கட்டம்: வலி தொடங்கிய நேரம். 2025 ஜூலையில் ஹாசன் மாவட்ட மாரடைப்பு மரணச் செய்திகளைக் கேட்டு ஜெயதேவா வாசலில் கூட்டம் கூட்டமாக வந்து நின்றவர்களில் பலருக்கு அந்தக் கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. எழுத வேண்டியவரோ வீட்டில் சோடா குடித்துக்கொண்டிருப்பார். “ராத்திரி சாப்பிட்டதும் லேசா எரிச்சல், கேஸ்னு நினைச்சோம்” என்று கூட வந்தவர் சொல்வார். அதை எட்டரை என்று எழுதுவதா, ஒன்பதரை என்று எழுதுவதா என்று செவிலியர் பேனாவோடு ஒரு நொடி நிற்பார்.