பாத்திரமேற்புச் சண்டை ஆட்டங்களில் அடியின் உணர்வும் கடினமும்: ஒரு வரலாறு

செயல்சார் பாத்திரமேற்பு ஆட்டம் என்பது, ஆடுபவர் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அதன் ஆற்றலைப் படிப்படியாக வளர்த்துக்கொண்டே, எதிரிகளுடன் தன் கைவேகத்தால் நேரடியாகச் சண்டையிடும் நிகழ்பட ஆட்ட வகையாகும். வாள், வில், மந்திரம், அரக்கர், பாழடைந்த கோட்டை ஆகியவை நிறைந்த மாய உலகமே பெரும்பாலும் இதன் களம். இவ்வகை ஆட்டங்களைப் பற்றிப் பேசுவோர் இரண்டு கேள்விகளைத் தவறாமல் எழுப்புவர். அடிக்கும்போது அடித்த உணர்வு கிடைக்கிறதா? கடினம் நியாயமாக இருக்கிறதா? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் இவ்விரு கேள்விகளுக்கும் விடைகள் எவ்வாறு மாறிவந்தன என்பதையும், இந்திய ஆட்டங்கள் அவ்வரலாற்றில் எங்கே நிற்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சண்டை உணர்வு என்றால் என்ன?

திரையில் ஒரு வாள்வீச்சு மூன்று கட்டங்களாக அமைகிறது. முதலாவது ஓங்குதல், இரண்டாவது அடி படுதல், மூன்றாவது பழைய நிலைக்கு மீளுதல். எதிரி ஓங்கும் கட்டம் ஆடுபவருக்கு எச்சரிக்கை. தான் மீளும் கட்டம் அவருக்கு ஆபத்து, ஏனெனில் அப்போது அவரால் விலகவோ தடுக்கவோ இயலாது.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு நொடிக்கு 60 படச் சட்டகங்கள் ஓடும் ஆட்டத்தில் ஒரு சட்டகம் ஏறக்குறைய 17 மில்லிநொடி நீடிக்கும். கண்ணால் கண்டதற்குக் கை எதிர்வினை ஆற்ற மனிதருக்குப் பொதுவாக 200 முதல் 250 மில்லிநொடி தேவை. ஆகவே எதிரி ஓங்குவதற்கு 10 சட்டகங்கள் மட்டுமே எடுத்துக்கொண்டால், அந்த அடியைப் பார்த்துத் தடுக்க எவராலும் முடியாது. 30 சட்டகங்கள் எடுத்துக்கொண்டால் அரை நொடி கிடைக்கும், கவனமுள்ளவர் தப்பலாம். கடினம் நியாயமானதா என்பது பல நேரங்களில் இந்தச் சிறு கணக்கில் அடங்கிவிடுகிறது.

அடி படும் கணத்தில் ஆட்ட உருவாக்குநர்கள் மேலும் சில உத்திகளைக் கையாளுகின்றனர். படம் ஓரிரு சட்டகங்கள் உறைந்து நிற்கும். எதிரி பின்னே தள்ளப்படுவான். கைப்பிடிக் கருவி அதிரும். வாள் கேடயத்தில் பட்டால் ஓர் ஒலியும் தசையில் பட்டால் வேறோர் ஒலியும் எழும். இவை இல்லாவிட்டால் வாள் காற்றைக் கிழிப்பதுபோல் தோன்றும்.

ஒலிக்கும் அடிக்கும் உள்ள இவ்வுறவு தமிழர்க்குப் புதிதன்று. கம்பு வீச்சுக் கலைக்குச் சிலம்பம் என்னும் பெயர், ஒலித்தல் என்று பொருள்படும் 'சிலம்பு' என்ற வினையிலிருந்து வந்தது என்பர். கம்பு சுழலும்போது எழும் ஓசையைக் கொண்டே வீச்சின் வேகத்தைப் பழகியவர் அறிந்துகொள்வார்.

தொடக்கம்: பகடையும் நாணயமும்

இவ்வகை ஆட்டங்களுக்கு இரண்டு மூதாதையர் உண்டு. ஒன்று, 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை ஆட்டம். அதில் அடி பட்டதா இல்லையா என்பதைப் பகடை தீர்மானித்தது. வீரரின் வலிமை எண்களாக எழுதப்பட்டது. கைத்திறனுக்கு அங்கு வேலை இல்லை.

மற்றொன்று, நாணயம் போட்டு ஆடும் இயந்திரம். 1978 ஆம் ஆண்டு ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் எதிரிகள் குறையக் குறைய மீதமுள்ளோர் வேகமாக நகர்ந்தனர். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரம் விரைவாக இயங்கியதே அதற்குக் காரணம். உருவாக்கிய தொமோஹிரோ நிஷிகாடோ அதனை நீக்காமல், ஆட்டத்தின் சுவையாகவே வைத்துக்கொண்டார். நேரம் செல்லச் செல்லக் கடினம் கூடும் என்ற மரபு இதன்வழி உலகெங்கும் பரவியது. இந்தக் கடினத்திற்கு வணிகப் பயனும் இருந்தது. ஆடுபவர் விரைவில் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும்.

1984: இரு மரபுகளின் சந்திப்பு

1984 ஆம் ஆண்டில் ஜப்பானில் பகடை மரபும் நாணய மரபும் ஒன்று கலந்தன. நாம்கோ நிறுவனத்தின் 'தி டவர் ஆஃப் துருவாகா' ஆட்டத்தில் வீரன் 60 தளங்கள் கொண்ட கோபுரத்தில் ஏற வேண்டும். தளங்களில் புதையல்கள் மறைந்திருந்தன. அவை வெளிப்படச் செய்ய வேண்டிய செயல் இன்னதென்று ஆட்டம் சொல்லவில்லை. ஆட்டக்கூடங்களில் ஆடியவர்கள் தாங்கள் கண்டறிந்ததைப் பிறருடன் பகிர்ந்து, குறிப்பேடுகளில் எழுதிவைத்து, கூட்டாகவே அக்கோபுரத்தை வென்றனர்.

அதே ஆண்டில் வெளிவந்த 'டிராகன் ஸ்லேயர்', 'ஹைட்லைட்' ஆகிய கணினி ஆட்டங்களில் வீரன் எதிரிமீது முட்டினாலே சண்டை நடந்தது. 1987 இல் வந்த 'ஈஸ்' ஆட்டம் அதற்கு ஒரு நுட்பம் சேர்த்தது. நேருக்கு நேர் முட்டினால் வீரனுக்கும் சேதம். சற்று ஓரமாக முட்டினால் எதிரிக்கு மட்டும் சேதம். இடையில் 1986 இல் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' வாள் வீசுவதற்கு ஒரு பொத்தானை ஒதுக்கியது. ஆட்டத்தைச் சேமித்துவைத்து மறுநாள் தொடரவும் வழி செய்தது. வீட்டில் ஆடுபவர் நாணயம் போடுவதில்லை. எனவே அவரை விரைவில் தோற்கடிக்கும் தேவையும் குறைந்தது.

1996 ஆம் ஆண்டின் இறுதியில் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட 'டியாப்லோ', முதலில் முறைவைத்து ஆடும் ஆட்டமாகவே திட்டமிடப்பட்டது. டேவிட் பிரெவிக் அதனை உடனுக்குடன் இயங்கும் ஆட்டமாக மாற்றினார். ஆயினும் உள்ளே பகடை ஒளிந்திருந்தது. சுட்டியைச் சொடுக்கினால் வாள் வீசப்படும். அது படுமா என்பதை மறைவான கணக்கே முடிவு செய்யும். கடின நிலையை உயர்த்தினால் எதிரிகளின் உயிர்ப்பு அளவும் சேத அளவும் பெருகும். ஆடுபவர் அதற்கேற்ப வலிய ஆயுதங்களைத் தேடிச் சேர்ப்பார். இதனை எண்சார் கடினம் எனலாம். இங்கே வளர்வது பாத்திரத்தின் வலிமை. ஆடுபவரின் திறன் அந்த அளவுக்கு வளர வேண்டிய கட்டாயம் இல்லை.

2009: தோல்வி கற்பிக்கத் தொடங்கியது

2000களில் பெரிய நிறுவனங்களின் ஆட்டங்கள் பல எளிமையை நோக்கிச் சென்றன. திரையில் அம்புக்குறி வழிகாட்டும். தோற்றால் சில அடி தொலைவிலேயே மீண்டும் தொடங்கலாம். 2005 இல் வந்த 'ரெசிடெண்ட் ஈவில் 4' ஆடுபவர் திணறுவதைக் கண்டால் அவர் அறியாமலேயே கடினத்தைக் குறைத்தது.

இப்போக்கிற்கு எதிராக, 2009 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் ஹிதேதகா மியாசகியின் இயக்கத்தில் 'டீமன்ஸ் சோல்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டது. இதில் ஒவ்வொரு வீச்சுக்கும் தெம்பு அளவு குறையும். தெம்பு தீர்ந்தால் கேடயம் தாங்காது. ஓங்கிய வாளை இடையில் நிறுத்தவும் முடியாது. தோற்றால் சேர்த்த ஆன்மாக்கள் யாவும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். மறுபடி சாகாமல் அங்கு சென்றால் மீட்கலாம். வேறு ஊர்களில் ஆடுவோர் தரையில் எழுதிவைத்த எச்சரிக்கைகளும், அவர்கள் இறந்த இடத்துக் குருதிக்கறைகளும் வழியில் தென்படும். துருவாகா கோபுரத்தின் குறிப்பேடு ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது எனலாம்.

சோனி நிறுவனத்தின் சுஹேய் யோஷிதா தொடக்கத்தில் இவ்வாட்டத்தை மிக மோசமானது என்று கருதினார். அந்நிறுவனம் மேலை நாடுகளில் அதனை வெளியிடவில்லை. வேறு நிறுவனங்கள் வெளியிட, ஆடியவர்களின் வாய்மொழியாலேயே அது புகழ்பெற்றது. 2011 இல் 'டார்க் சோல்ஸ்' தொடர்ந்தது. 2022 பிப்ரவரியில் வந்த 'எல்டன் ரிங்' ஓராண்டுக்குள் 2 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றது.

இவ்வாட்டங்களின் கடினம் எண்ணில் மட்டும் இல்லை; எதிரியின் உடல்மொழியைப் படிப்பதில் இருக்கிறது. முதல்முறை தோற்றவர் எதிரியின் தோள் உயர்வதைக் கவனிக்கிறார். ஐந்தாம் முறை எந்தப் பக்கம் விலகுவது என்று அறிகிறார். இருபதாம் முறை வெல்கிறார். சாதித்த நிறைவைத் தருவதற்கே கடினத்தை வைத்ததாக மியாசகி பேட்டிகளில் விளக்கியுள்ளார்.

எளிய நிலை வேண்டுமா?

2019 இல் இதே நிறுவனத்தின் 'செகிரோ' வந்தபோது, எளிய நிலை ஒன்றும் இருக்க வேண்டுமா என்ற விவாதம் வலுத்தது. கடினமே ஆட்டத்தின் பொருள், அதனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றனர் ஒரு சாரார். கை அசைவிலோ பார்வையிலோ குறைபாடு உள்ளவர்க்கு அரை நொடி போதாது, அவர்களுக்குக் கதவை அடைப்பது முறையன்று என்றனர் மறுசாரார்.

இதற்குச் சில தீர்வுகள் தோன்றின. 2018 இல் வந்த 'செலஸ்ட்' ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ளும் வசதியை வைத்தது. 2020 இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் இருந்தன. 'எல்டன் ரிங்' எளிய நிலையை வைக்காமலேயே, திணறுபவர் வேறு திசையில் சென்று வலிமை பெற்றுத் திரும்பவும், துணைக்கு ஆவிகளை அழைக்கவும் இடமளித்தது. ஒரே பாடத்தை வெவ்வேறு வேகத்தில் கற்க விடுவதற்கு இவை ஒப்பானவை. பாடம் மாறவில்லை, கால அளவு மாறியது.

நாணயம் திரும்பி வந்தது

இதே காலத்தில் கைப்பேசி ஆட்டங்களில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. இந்தியாவில் பெரும்பாலோர் ஆடுவது கைப்பேசியில்தான். இலவசமாகக் கிடைக்கும் பல ஆட்டங்களில் ஒரு கட்டத்திற்குமேல் எதிரி திடீரென வலுத்துவிடுவான். அவனை வெல்ல வாரக்கணக்கில் உழைக்க வேண்டும், அல்லது பணம் கொடுத்து ஆயுத மேம்பாடு வாங்க வேண்டும். 2022 ஜூனில் வந்த 'டியாப்லோ இம்மார்ட்டல்' இக்காரணத்தால் உலகெங்கும் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. எண்சார் கடினம் மீண்டும் நாணய இயந்திரமாகியது. இத்தகைய ஆட்டத்தில் நூறு முறை தோற்றாலும் ஆடுபவர் கற்பது குறைவு. ஏனெனில் அவரிடம் குறைவாக இருப்பது திறன் அன்று, பணம்.

இந்திய ஆட்டங்கள்

இந்தியத் தொன்மங்களைக் களமாகக் கொண்ட சண்டை ஆட்டங்கள் அண்மைக் காலத்திலேயே உலகக் கவனம் பெற்றன. ஐதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டுடியோ 2017 இல் 'அசுரா' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் அமைந்த இதில் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் களமும் திறன்களும் மாறும். தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய 'ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக்' 2020 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்கும், அக்டோபரில் பிற கருவிகளுக்கும் வந்தது. சர்க்கஸ் கலைஞரான ராஜி என்னும் இளம்பெண், மகாபலாசுரனின் படையால் கவரப்பட்ட தன் தம்பி கோலுவைத் தேடிச் செல்வதே கதை. துர்க்கையும் திருமாலும் கதையை உரைக்கின்றனர். கதையின் சில பகுதிகள் நிழற்பாவைக் கூத்தின் வடிவில் காட்டப்படுகின்றன. தமிழகத்துத் தோற்பாவைக் கூத்தை அறிந்தவர்க்கு அது அணுக்கமாகத் தோன்றும். 2017 இல் மக்களிடம் நிதி திரட்ட எடுத்த முயற்சி இலக்கை எட்டாதபோதும் அக்குழுவினர் பணியைக் கைவிடவில்லை.

ராஜியின் கட்டடங்களும் ஓவியங்களும் இசையும் பரவலாகப் பாராட்டப்பட்டன. சண்டை குறித்த கருத்துகள் கலவையாக இருந்தன. தூணைப் பற்றிச் சுழன்றும் சுவரில் ஓடியும் தாக்கும் அசைவுகள் புதுமை என்று போற்றப்பட்டன. ஆனால் சண்டைகள் ஒரே மாதிரி அமைவதாகவும், பார்வைக் கோணத்தை ஆடுபவர் மாற்ற முடியாமை இடையூறாவதாகவும் விமர்சகர் சிலர் எழுதினர். எதிரி ஓங்குவதைக் காண இயலாதபோது தோல்வி பாடமாவதில்லை என்ற பழைய உண்மையே இங்கும் வெளிப்படுகிறது. சிறு குழுவுக்கு ஓவியத்தைக் காட்டிலும் அசைவு செலவு மிக்கது என்பதையும் சேர்த்தே இதனை மதிப்பிட வேண்டும். 2022 இல் இந்திக் குரலுடன் இதன் மேம்பட்ட பதிப்பு வந்தது.

சிலம்பக் களத்தின் பாடம்

தமிழ் வாழ்வு உலக ஆட்டங்களில் இடம்பெற்றதற்கு நல்ல சான்று, கனடாவின் டொரண்டோவிலிருந்து 2023 இல் வந்த 'வெண்பா'. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலைப் பற்றிய அவ்வாட்டம் 2024 இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக ஆட்டத்திற்கான விருதைப் பெற்றது. சண்டை ஆட்டத்தில் தமிழ்த் தடம் இன்னும் அழுத்தமாகப் பதியவில்லை. ஆனால் அதற்கான மூலப்பொருள் ஊர்தோறும் இருக்கிறது.

கடலூர் மாவட்டம் உட்படத் தமிழகத்தின் பல பகுதிகளில் பொங்கலின்போதும் கோயில் திருவிழாக்களிலும் சிலம்பம் ஆடப்படுகிறது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. அக்கலையின் பயிற்சி முறையே ஒரு கடின ஏணி. முதலில் காலடி வரிசை. அடுத்து ஒற்றைக் கம்பு வீச்சு. பிறகு தடுத்தல், விலகல். அதன்பின்னரே எதிரில் ஆள் நிற்பான். கம்பின் நீளம் ஆடுபவரின் நெற்றி உயரத்தை ஒட்டி அமையும். சிறுவனுக்குச் சிறிய கம்பு, பெரியவருக்குப் பெரிய கம்பு; காலடி மட்டும் இருவருக்கும் ஒன்றே. போட்டியில் கம்பு உடலில் தொட்ட இடமே புள்ளியாகும். தொட்டதா இல்லையா என்பதில் பகடைக்கு இடமில்லை.

சிதம்பரம் நடராசர் கோயில் கோபுரங்களில் செதுக்கப்பட்டுள்ள 108 கரணங்களும் இவ்வகையில் கவனிக்கத்தக்கவை. அவை நடனத்திற்குரியவை; ஆயினும், ஓடும் உடலின் ஒரு கணத்தை, அடுத்து எங்கே செல்லும் என்று காண்பவர் ஊகிக்கும்படி கல்லில் நிறுத்துவது எவ்வாறு என்பதை அவை காட்டுகின்றன. எதிரியின் அசைவை வரையும் கலைஞருக்கு வேண்டிய அறிவும் அதுவே.

ஆட்டம் ஆடும் மாணவர்களும், ஆட்டம் உருவாக்க விரும்பும் மாணவர்களும் இவ்வரலாற்றிலிருந்து ஒரு சோதனையைக் கைக்கொள்ளலாம். தோற்ற உடன், 'வேறு என்ன செய்திருந்தால் தப்பியிருக்கலாம்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முன்னதாக விலகியிருக்கலாம், தெம்பை மிச்சம் வைத்திருக்கலாம் என்பது விடையானால் அந்தக் கடினம் கற்பிக்கிறது. கூடுதலாகப் பணம் செலுத்தியிருக்கலாம் என்பது மட்டுமே விடையானால், அது 1978 ஆம் ஆண்டின் நாணயத் துளை வேறு உருவில் வந்து நிற்பதாகும்.