முத்துக்கரை கேட்ட பாட்டு

தூத்துக்குடி என்றால் முத்து, உப்பு, துறைமுகம், மக்ரூன் என்று அடுக்கிவிடுவோம். பாட்டை யாரும் சொல்வதில்லை. ஆனால் நம் ஊருக்குப் பாட்டும் கடல் வழியாகத்தான் வந்தது.

கணக்குப் பாருங்கள். இங்கிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 280 கி.மீ. சென்னையோ 530 கி.மீ. மத்திய அலை ரேடியோவுக்குத் தரையை விட உப்புத் தண்ணீர் தோதான பாதை. அலை அதிகம் தேயாமல் வந்து சேரும். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், ஆகாசவாணியில் சினிமாப் பாட்டைக் குறைத்தார். இந்தியா முழுக்க நேயர்கள் இலங்கை வானொலிக்குத் தாவினார்கள். 1957-ல் விவித்பாரதி வந்த பிறகும் நம் கரை கொழும்பை விடவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்கள் இங்கே வீட்டு மனுஷர் குரல் மாதிரி!

அந்தக் கடல் வழி ரொம்பப் பழசு. 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இக்கரைக்கும் வந்தார்கள், அக்கரைக்கும் போனார்கள். அவர்களும் ஆப்பிரிக்கரும் விட்டுப்போன தாளத்தில் முளைத்ததுதான் இலங்கையின் பைலா. 1970-களில் ஏ.இ. மனோகரனின் 'சுராங்கனி' வந்தபோது அது நமக்கு அந்நியமாகப் படவில்லை.

இதே காலத்தில் உலகத்தில் என்ன நடந்தது? 1968-ல் அமெரிக்காவின் மோட்டவுன் கம்பெனி, டெம்டேஷன்ஸ் குழுவை வைத்து 'கிளவுட் நைன்' பாட்டை வெளியிட்டது. கறுப்பின மக்களின் சோல் இசையோடு சைக்கடெலிக் ராக்கின் மயக்கும் கிதார் சேர்ந்தது. மோட்டவுனுக்கு முதல் கிராமி விருது அதற்குத்தான். பதினோரு வருஷம் கழித்து, 1979-ல், பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' வந்தது. பாப் குழுவின் கதை. எழுதியவர் சுஜாதா, பாட்டு கண்ணதாசன், இசை எம்.எஸ்.வி. தமிழில் அந்த உலகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் போன படம் அபூர்வம். 'சம்போ சிவசம்போ'வை எம்.எஸ்.வி.யே தொண்டை கிழியப் பாடியிருப்பார். சோல் பாடகர் கெட்டார்!

அந்த இசைத்தட்டை நான் முழுசாகக் கேட்டது 2023 டிசம்பர் பெருமழையில், தூத்துக்குடியில் மாமா வீட்டு மாடியில். பெயர் வைத்த புயல்கூட இல்லை, வெறும் மேலடுக்குச் சுழற்சி. ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுவிட்டது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, போன் இல்லை. டிரான்சிஸ்டரைத் திருகினால், மின்னல் வெட்டும்போதெல்லாம் கரகர. மின்னலும் ஒரு ரேடியோ அலைபரப்பிதானே! மாமா பரணிலிருந்து பாட்டரியில் ஓடும் எச்.எம்.வி. பியஸ்டாவை இறக்கினார். "ஏல, கரண்ட்டு போனா என்னல? ஊசிக்கு மின்னல் பயம் கிடையாதுல்லா" என்றார். வெளியே மழை இரைச்சல், உள்ளே எஸ்.பி.பி. அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கீழ்வீட்டு அலமாரியில் இருந்த மற்ற தட்டுகளைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் எடுக்க முடிந்தது. வினைல் கெட்டி, கழுவிக் காயவைத்ததும் பாடிவிட்டது. போனது அட்டை உறைகள்தான். எந்தக் கடை, எந்தத் தேதி, கொழும்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தோணிக்காரர் யார் என்று மாமா பேனாவால் எழுதிவைத்தது அத்தனையும் கூழாகிவிட்டது. பாட்டு இன்று எங்கும் கிடைக்கும். அது எப்படி நம் கரைக்கு வந்தது என்ற கதை மாமா ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவருக்கு வயது எழுபத்தெட்டு.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு மாமா இருப்பார். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எழுதியதைக் கல்லூரி நூலகத்தில் சேருங்கள். முடிந்தால் மாடி அறையில்!