ஊதா நிறம் வந்துட்டா போதுமா?

ஸ்கூல் லேப்ல ஒரு பிராக்டிகல் உண்டு, ஞாபகம் இருக்கும். உருளைக்கிழங்குத் துண்டு மேல அயோடின் சொட்டு விட்டா கருநீலம். குளுகோஸ் கரைசலை பெனடிக்ட் கரைசலோட சேர்த்துக் கொதிக்க வெச்சா செங்கல் நிறம். முட்டை வெள்ளைக்கருவுல பையூரெட் சோதனை பண்ணினா ஊதா. சிபிஎஸ்இ 12-ஆம் வகுப்பு கெமிஸ்ட்ரியில இது இன்னும் இருக்கு. ரெக்கார்டு நோட்டுல மூணு கட்டம் போட்டு எழுதுவோம்: சோதனை, உற்றுநோக்கல், முடிவு. இன்னைக்கு நான் பேசப்போறது அந்த மூணாவது கட்டத்தைப் பத்தி. ‘புரதம் உள்ளது’ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிடறோமே, அந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி நிறைய பேரோட பசி இருக்கு.

முதல்ல, ஏன் மூணு? உணவை கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம்னு யார் பிரிச்சாங்க? 1827-ல் லண்டன் டாக்டர் வில்லியம் ப்ரவுட் உணவுப் பொருள்களை மூணு வகையாகப் பிரித்தார்: சர்க்கரை வகை, எண்ணெய் வகை, முட்டை வெள்ளைக்கரு வகை. அவருக்குக் கிடைச்ச பெரிய சாட்சி பால். குட்டிகளுக்கு உணவாகவே இயற்கை தயாரிச்ச பொருள் அது, அதுல மூணுமே இருக்கு. புரதத்துக்கு ‘புரோட்டீன்’ங்கிற பேரே அப்போ கிடையாது. அந்தச் சொல் 1838-ல்தான் அச்சுக்கு வந்தது.

சோதனைகள் எல்லாம் ஆளுக்கொரு திசையிலிருந்து வந்தவை. சமையலறையிலிருந்து வந்தது ஒண்ணுகூட இல்லை. அயோடினையே எடுத்துக்குவோம். நெப்போலியன் போர்க்காலத்தில் பிரான்சுக்கு வெடிமருந்து செய்ய வெடியுப்பு தேவை. பெர்னார் கூர்த்துவா என்பவர் அந்த வேலைக்காகக் கடற்பாசிச் சாம்பலை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டிட்டு இருந்தார். 1811-ல் அதில் கந்தக அமிலம் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்ததும் ஊதா நிறப் புகை எழுந்தது. அதுதான் அயோடின். மூணே வருஷத்துல, 1814-ல், மாவுச்சத்தோட சேர்ந்தா அது நீலமாகுதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. மாவுச்சத்து மூலக்கூறு சுருள் கம்பி மாதிரி வளைஞ்சிருக்கும். அயோடின் அந்தச் சுருளுக்குள்ள போய் உட்காரும்போதுதான் நீலம் தெரியும். சூடாக்கினா நிறம் போயிடும், ஆறினா திரும்பி வரும். நெய்யில மசிச்ச உருளைக்கிழங்கு கலந்திருக்கான்னு வீட்டிலேயே பார்க்க இந்திய உணவுப் பாதுகாப்புத் துறை இன்னைக்கும் இதே அயோடினைத்தான் சொல்லுது. கூர்த்துவாவோ 1838-ல் வறுமையில்தான் இறந்தார்.

சர்க்கரைச் சோதனை வந்தது சிறுநீரிலிருந்து. சிரிக்காதீங்க. நம்ம ஊரில் மதுமேகம்னு பேர் வெச்சதே சிறுநீர் தேன் மாதிரி இனிக்கும்ங்கிறதுக்காகத்தான். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ்ங்கிற டாக்டரும் அந்த இனிப்பை எழுதி வெச்சிருக்கார். நாக்கில் வெச்சுப் பார்க்கிற வேலையை நிறத்துக்கு மாத்தினது 19-ஆம் நூற்றாண்டு வேதியியல். 1840-களின் கடைசியில் ஃபெலிங் கரைசல் வந்தது. ஆனா ரெண்டு பாட்டிலைத் தனித்தனியா வெச்சிருந்து, அப்பப்போ கலக்கணும். 1908-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி பெனடிக்ட் அதை ஒரே பாட்டிலுக்குள் கொண்டு வந்தார். மயில்துத்தம், சோடியம் சிட்ரேட், சோடியம் கார்பனேட், அவ்வளவுதான். அந்தக் கரைசல் 5 மில்லி, சிறுநீர் 8 சொட்டு, ஸ்பிரிட் விளக்கு. நீலம்னா நிம்மதி. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல்னு போகப் போகக் கவலை. குளுகோமீட்டர் வர்றதுக்கு முன்னாடி சர்க்கரை நோயாளிகள் வீட்டிலேயே இதைப் பண்ணினாங்க.

ஒரு வேடிக்கை என்னன்னா, டீயில போடற வெள்ளைச் சர்க்கரையை இந்தச் சோதனையில் போட்டா நிறமே மாறாது! எங்க லேப்ல இதைப் பார்த்துட்டு பாட்டில் கெட்டுப்போச்சுன்னு சண்டை போட்டவங்க உண்டு. பாட்டில் நல்லாத்தான் இருந்தது. மயில்துத்தத்தில் இருக்கிற தாமிரத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கிற சர்க்கரைகள்தான் இதில் தெரியும். வெள்ளைச் சர்க்கரை கொடுக்காது. முதல்ல நீர்த்த அமிலத்தோட கொதிக்க வெச்சு, ரெண்டாப் பிரிச்சாதான் மாட்டும். இனிப்பா இல்லையாங்கிறது பெனடிக்ட் கேட்கிற கேள்வியே இல்லை.

கொழுப்புக்கு ரொம்ப நேரம் வேண்டாம். வடையைப் பேப்பர்ல வெச்சு எடுத்தா வர்ற கண்ணாடி மாதிரித் திட்டுதான் சோதனை. தண்ணிக் கறை காய்ஞ்சு போயிடும், எண்ணெய்க் கறை போகாது.

இப்போ பையூரெட்டுக்கு வருவோம். அந்தப் பாட்டிலுக்குள்ள பையூரெட்டே கிடையாது. யூரியாவைச் சூடாக்கினா உருவாகிற ஒரு பொருளோட பேர் அது. நம்ம வயலுக்குப் போடற யூரியாவிலும் அசுத்தமாகக் கொஞ்சம் இருக்கும். காரமும் தாமிரமும் சேர்ந்த கரைசலில் அந்தப் பொருளும் ஊதாவாகும், புரதமும் ஊதாவாகும். அதனால அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. சோதனை பார்க்கிறது பெப்டைடு பிணைப்பை, அதாவது அமினோ அமிலங்களைக் கோக்கிற கண்ணியை. எந்த மணி கோத்திருக்குன்னு அதுக்குத் தெரியாது.

தெரியாதது எவ்வளவு பெரிய விஷயம்னு பாரிஸ்ல பாருங்க. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் இறைச்சிக்குப் பதிலா எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் சூப் கொடுத்தாங்க. எலும்பு மலிவு. அதை வேகவெச்சா வர்றதும் இறைச்சி மாதிரி சத்துதான்னு பெரிய வேதியியலாளர்களே சொன்னாங்க. குடிச்சவங்களுக்கு அதில் நம்பிக்கை வரலை. அறிவியல் அகாடமி ஒரு குழு போட்டது, அதுக்கு உடலியல் நிபுணர் ஃபிரான்சுவா மஜாந்தி தலைமை. 1816-லேயே நாய்களுக்கு வெறும் சர்க்கரையும் தண்ணியும் கொடுத்து, அதுங்க ஒரு மாசம் போல்தான் உயிரோட இருந்ததைக் காட்டினவர் அவர். கொடூரமான சோதனைதான். 1841-ல் குழு அறிக்கை கொடுத்தது: ஜெலட்டினை மட்டும் தின்ன நாய்கள் பிழைக்கலை.

காரணம் புரிய அடுத்த நூற்றாண்டு ஆச்சு. டிரிப்டோபேன்ங்கிற அமினோ அமிலத்தை ஹாப்கின்ஸும் கோலும் 1901-ல்தான் பிரிச்சு எடுத்தாங்க. நம்ம உடம்பால் அதை உருவாக்கிக்க முடியாது, சாப்பாட்டில் வந்தே ஆகணும். ஜெலட்டினில் அது இல்லை. ஆனா ஜெலட்டினை பையூரெட் சோதனைக்கு உட்படுத்துங்க, அழகா ஊதா வரும். ரெக்கார்டு நோட்டில் ‘புரதம் உள்ளது’ன்னு எழுதுவோம். பொய் இல்லை. பாரிஸ் நோயாளிக்கு அது பதிலும் இல்லை.

புரதம் எவ்வளவு இருக்குன்னு அளக்க 1883-ல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியோட ஆய்வகத்தில், யோஹான் கெல்டால் ஒரு வழி கண்டுபிடிச்சார். அது புரதத்தைப் பார்க்கவே பார்க்காது. உணவை அமிலத்தில் கொதிக்க வெச்சுச் சிதைச்சு நைட்ரஜனை மட்டும் எண்ணும். புரதத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய 16 சதவீதம், அதனால் கிடைச்சதை 6.25-ஆல் பெருக்கு, பாலுன்னா 6.38. பால்பண்ணை, மாவு மில், மாட்டுத்தீவனம்னு உலகம் முழுக்க இதை நம்பித்தான் விலை போட்டாங்க.

2008, சீனா. பாலில் தண்ணி கலந்தாங்க. தண்ணி கலந்தா புரத அளவு குறையும், சோதனையில் மாட்டும். அதனால் பிளாஸ்டிக் பிசின் செய்யப் பயன்படுற மெலமைனையும் கலந்தாங்க. அதோட எடையில் மூணுல ரெண்டு பங்கு நைட்ரஜன். சோதனை நைட்ரஜனை எண்ணியது, பால் பாஸ். அந்தப் பால் பவுடரைக் குடிச்ச ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டாங்க. நிறைய பேருக்குச் சிறுநீரகத்தில் கல். 6 குழந்தைகள் இறந்ததா அரசே ஒத்துக்கிட்டது.

எனக்கு இதில் ஆத்திரம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. மெலமைனில் பெப்டைடு பிணைப்பு கிடையாது. ஸ்கூல் லேப் பையூரெட் பார்க்கிற அந்தக் கண்ணியே அதில் இல்லை. ஏமாத்தினவங்களுக்கு எந்தச் சோதனை எதை எண்ணும்னு துல்லியமாகத் தெரிஞ்சிருந்தது. குழந்தைக்குப் பால் கரைச்ச அம்மாவுக்குத் தெரிஞ்சதெல்லாம் டப்பாவில் அச்சடிச்ச புரத அளவு.

2010-ல் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் குழந்தைகளுக்கான பால் பவுடரில் மெலமைன் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் கூடாதுன்னு வரம்பு வெச்சது. அதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி, தனிச் சோதனை வேணும். பாலில் புரதம் எவ்வளவுன்னு பார்க்க கெல்டால் முறை இப்பவும் புழக்கத்தில்தான் இருக்கு, அதே 6.38-ஆல் பெருக்கித்தான்.