கிட்டத்துக் குரல், எட்டத்து நாகசுரம்

விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் போன்ற பெரிய பிரகாரங்களில் நாகசுரம் கேட்டுப் பழகியவர்களுக்கு, அதே வாத்தியம் இயர்போனில் வந்தால் கொஞ்சம் உறுத்தும். மண்டைக்குள் உட்கார்ந்து யாரோ ஊதுகிற மாதிரி இருக்கும். பக்கத்திலேயே கேட்டால்தான் சுகம் என்பவர்களும் உண்டு, தள்ளி நின்றால்தான் இசை என்பவர்களும் உண்டு. இந்த வழக்கை நாகசுர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக இசைத்தட்டையும், 1963இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதத்தையும் வைத்து விசாரிக்கலாம்.

நாகசுரம் வீதிக்கென்று பிறந்த வாத்தியம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். அப்படிக் குறைந்த பிறகும் நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே அதற்கு அந்த வீறு. அதை ஓர் அறைக்குள் கொண்டுவந்து, பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் ஓடும் தட்டில் அடைத்தார்கள். கமகத்தின் நுணுக்கம் மிஞ்சியது. கருங்கல் மதிலில் பட்டுத் தாமதமாகத் திரும்பும் ஒலி போய்விட்டது. வித்வான்களுக்கு இது லாபம். சாமி புறப்பாட்டில் கேட்டவர்களுக்கு நஷ்டம்தான்.

சுப்ரபாதத்தின் கதை நேர் எதிர். எம்.எஸ்., அவரோடு சேர்ந்து பாடிய மகள் ராதா இருவரும் மைக்குக்கு நெருக்கமாக, எழுத்தெழுத்தாகச் சொன்ன பதிவு அது. ஆனால் தமிழ்நாடு அதைக் கேட்டது கோயில் குழாய் ஸ்பீக்கரில், நாலைந்து தெரு தள்ளி. குழாய் அடித்தொனியை விழுங்கிவிடும். சொல் புரிவதற்கு வேண்டிய நடுத்தொனியை மட்டும் துப்பும். விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது சற்று வெதுவெதுப்பாகவும் இருந்தால், ஒலி வானுக்குப் போகாமல் வளைந்து கீழே இறங்கும். பகலில் எட்டாத தெருவுக்கும் அப்போது எட்டும். கிட்டத்துக்குப் பதிவான குரல் இப்படி எட்டத்துக் குரலாயிற்று. அதில் அதற்குக் குறைவு எதுவும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தோடித் தட்டு இழந்ததுதான் அதிகம்.

எதிரொலி சேர்த்தால் எட்டம் வந்துவிடாதா என்று கேட்பார்கள். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே இதை எளிதாகச் சொல்லலாம். மெருகிட்ட ஓடு பதித்த சின்ன அறையில் பாடினால் முழக்கம் பிரமாதமாக இருக்கும், ஆனால் தூரம் தெரியாது. சுவர் பக்கத்திலேயே இருப்பதால் திரும்பும் ஒலி சில மில்லிவினாடிகளில் காதுக்கு வந்து, மூல ஒலியோடு ஒட்டிக்கொள்கிறது. பிரகாரத்தில் அது நிதானமாக, மங்கலாக வரும். நேரே வருவது எவ்வளவு, பட்டு வருவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தான் காது தூரத்தை அறிகிறது. கூர்மையான மேல்தொனி தேய்ந்திருப்பதும் ஒரு துப்பு. குளியலறைப் பாடகர்கள் தங்களைப் பற்றி உயர்வாக நினைப்பதற்கும் இந்த ஓடுகளே பொறுப்பு.

ஆகவே தோடிக்கு என் கைவைத்தியம்: ஸ்பீக்கரைக் கூடத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டுத் திண்ணையில் உட்காருவது. சுப்ரபாதத்துக்கு மட்டும் இயர்போன் கட்சிக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். எம்.எஸ்ஸின் குரலோடு இழைந்து வரும் ராதாவின் குரல் தனியாகப் பிரிந்து தெரிவது அதில்தான்; குழாய் ஸ்பீக்கரில் இருவரும் ஒருவரே.