கமலைக்குப் பின் வந்தவர்கள்

பெண் பார்க்க வந்தவர்களிடம், "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?" என்று கேட்பது நம் வழக்கம். "விவசாயம்" என்று பதில் வந்தால் பெண்ணைப் பெற்றவர் முகம் சற்றே சுருங்கும். "விவசாய இலாகாவில் இருக்கிறார்" என்றால் அதே முகம் மலர்ந்துவிடும். ஒருவர் நெல்லை விளைவிக்கிறார்; மற்றவர் நெல்லை எப்படி விளைவிக்க வேண்டும் என்று சொல்கிறார். சொல்பவருக்கு மாதச் சம்பளம் உண்டு, பென்ஷன் உண்டு, பெண்ணும் உண்டு. செய்பவர் இவை எல்லாவற்றுக்கும் மழையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வேடிக்கை நேற்று முளைத்ததல்ல. வயலுக்குள் யந்திரமும் விஞ்ஞானமும் நுழைந்த நாள் முதல் கூடவே வளர்ந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு புதுச் சாதனமும் சில கைகளுக்கு வேலை இல்லாமற் செய்தது. வேறு சில கைகளுக்கு வேலை கொடுத்தது. யாரிடமிருந்து போயிற்று, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்த சரித்திரம். அதைச் சொல்வதற்குச் சின்னாளப்பட்டியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

சின்னாளப்பட்டி என்றதும் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சேலைதான் ஞாபகம் வரும். சுங்குடியும் சின்னாளப்பட்டும் ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோயின. ஆனால் திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில், சிறுமலையைப் பார்த்தபடி இருக்கும் அந்த ஊரைச் சுற்றிலும் தோட்டக்கால் நிலங்கள். தஞ்சாவூரைப்போல ஆறு வந்து காலை நனைத்துவிட்டுப் போகும் பூமி அல்ல இது. கிணற்றை நம்பிய சீமை. இங்கே விவசாயம் என்றால் முதலில் தண்ணீரை மேலே கொண்டுவருகிற வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தது கமலை. இன்றைய இளைஞர்கள் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கிணற்றின் விளிம்பில் இரண்டு தூண்கள்; அவற்றுக்கு நடுவே ஓர் உருளை; உருளையின் மேல் ஓடும் வடம். வடத்தின் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சால். மறுமுனையில் காளைகளின் நுகத்தடி. சாலின் அடியில் தோலால் தைத்த நீண்ட வால் ஒன்று இருக்கும். சால் மேலே வரும் வரையில் வால்கயிறு அதை மடக்கிப் பிடித்திருக்கும். வந்ததும் வால் தொட்டியில் நீண்டு தண்ணீரைக் கொட்டிவிடும். காளைகள் சரிவில் இறங்கும்போது சால் ஏறும். காளைகள் பின்னோக்கி ஏறும்போது சால் இறங்கும். விடியுமுன்னே பூட்டினால் வெயில் ஏறும் வரையில் இதுவேதான். ஓட்டுகிறவர் அலுப்புத் தெரியாமல் இருக்கப் பாடுவார்.

ஒரு கமலை ஓடுவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். ஓட்டுகிறவர் ஒருவர், பாத்தி பாத்தியாக மடை திருப்புகிறவர் ஒருவர். உருளையும் நுகத்தடியும் செய்யத் தச்சர். இரும்பு வேலைக்குக் கொல்லர். வடம் திரிக்க ஒருவர். வால் தைக்கத் தோல் தொழிலாளி. காளைக்கு லாடம் அடிக்க ஒருவர். அறுவடைக் காலத்தில் இவர்கள் களத்து மேட்டுக்கு வந்து தங்கள் பங்குத் தானியத்தை வாங்கிப் போவார்கள். அந்தப் பங்கு எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்ததில்லை. சாதிக்குத் தக்கபடி அளந்து போட்ட பங்கு அது. ஆகையால் அந்தக் காலத்தை நினைத்துக் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனாலும் கிணற்றைச் சுற்றி ஏழெட்டுக் குடும்பங்கள் பிழைத்தன என்பது உண்மை.

இந்தக் கமலையின்மேல் கண் வைத்த முதல் விஞ்ஞானிகளில் ஒருவர் ஆல்பிரட் சாட்டர்டன். சென்னைப் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஆங்கிலேயர். கைத்தொழில் வளர்ச்சியில் தணியாத ஆசை கொண்டவர். நம் வீடுகளுக்கு அலுமினியப் பாத்திரம் வந்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. கமலைத் தோல் தண்ணீரில் ஊறி ஊறிச் சீக்கிரம் அழுகிவிடுவதைப் பார்த்தார். குரோம் முறையில் பதனிட்ட தோலானால் நெடுநாள் தாங்கும் என்று 1903-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் அந்தத் தொழிலைத் தொடங்கினார். அதாவது கமலையைச் சீர்திருத்தப் பார்த்தார். ஆனால் அதே மனிதர் அதே காலத்தில் இன்னொரு காரியமும் செய்தார். எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் கிணற்றில் பூட்டி இறவைப் பாசனம் செய்து காட்டினார்; அதைப் பற்றி 1912-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். ஒரு கையால் கமலைக்கு ஆயுளைக் கூட்டினார். மறு கையால் அதற்கு முடிவுரை எழுதினார் என்று சொல்லலாம்.

முடிவுரை எழுதிவிட்டாலும் கமலை உடனே நிற்கவில்லை. எஞ்சின் வாங்கப் பணம் வேண்டும். எண்ணெய் வாங்கப் பணம் வேண்டும். கெட்டுப்போனால் பழுது பார்க்க ஆள் வேண்டும். 1932-ல் பைக்காராவிலிருந்து மின்சாரம் புறப்பட்டது. கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு போன்றவர்களின் முயற்சியால் மோட்டாரும் பம்பும் நம் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். சுதந்திரத்திற்குப் பிறகு மின்கம்பிகள் கிராமம் கிராமமாக நுழைந்தன. கமலை ஓய்ந்தது அப்போதுதான்.

வடம் திரித்தவர் வேலை போயிற்று. தோல் தைத்தவர் வேலை போயிற்று. காளைகளும் கசாப்புக்கோ சந்தைக்கோ போயின. அவர்களுக்குப் பதிலாக யார் வந்தார்கள்? மின்சார போர்டில் கம்பி இழுக்கிறவர் வந்தார். குழாய் பொருத்துகிறவர் வந்தார். எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் வந்தார். இந்தக் காயில் கட்டும் கடை இல்லாத சிற்றூரைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது. காயில் கட்டுகிறவரில் பலர் எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, செப்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றிப் பழகி, பிறகு தனிக் கடை வைத்தவர்கள். விவசாயத்துக்கு வந்த நவீனத் தொழில்களிலே கிராமத்தான் தானாகவே கைப்பற்றிக்கொண்ட தொழில் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மோட்டார் வேறொன்றையும் செய்தது. கமலைக்கு ஓர் எல்லை இருந்தது. காளை களைத்தால் கிணறும் இளைப்பாறும். மோட்டாருக்குக் களைப்பு ஏது? அதற்கு வேண்டியது மின்சாரம்தான். மின்சாரத்தின் விலை விவசாயியின் உயிர் விலையாயிற்று. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதற்காகக் கோவைச் சீமையில் பெருங் கிளர்ச்சி மூண்டது. நாராயணசாமி நாயுடு விவசாயிகளுக்குத் தலைமை தாங்கினார். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு மூவர் பலியாயினர். கடைசியில், 1990-ல், எல்லா விவசாயிகளுக்குமே மின்சாரம் இலவசமாயிற்று. கிணற்றுத் தண்ணீர் கீழே போகப் போக ஆழ்துளைக் கிணறு வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்ட துளையிடும் லாரிகள் இந்தியா முழுவதும் ஓடின. அதுவும் ஒரு புதுத் தொழில்தான். ஆனால் அந்தத் தொழில் செழிக்கச் செழிக்கத் தண்ணீர் இன்னும் கீழே போகிறது!

யந்திரத்தின் கதை இப்படி என்றால், படிப்பின் கதை வேறு வழியாக வந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் பிறப்பை 1868-ல் சைதாப்பேட்டையில் தோன்றிய விவசாயப் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறது. அது 1906-ல் கோவைக்கு வந்தது, 1971-ல் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே நடந்த ஆராய்ச்சியின் பெருமை சாதாரணமானதல்ல. அதே கோவையில் 1912-ல் தோன்றிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் உண்டாக்கிய கரும்பு வகைகள் வட இந்தியாவின் கரும்பு வயல்களையே மாற்றிவிட்டன. ஆனால் விவசாயம் படித்த பட்டதாரி எங்கே போனார்? பெரும்பாலும் இலாகாவுக்குப் போனார், பாங்கிக்குப் போனார், உரக் கம்பெனிக்கும் விதைக் கம்பெனிக்கும் போனார். நிலத்துக்குப் போனவர் குறைவு. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? படித்தவனுக்குச் சம்பளம் கொடுக்கும் சக்தி நிலத்துக்கு இல்லை, சர்க்காருக்குத்தான் இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்த ஓர் அம்மையார் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். 1946 பிப்ரவரியில் மதுரையிலிருந்து பழனிக்குப் போகும் வழியில் காந்தியடிகளின் ரயில் அம்பாத்துரையில் நின்றது. சுற்றுப்புறத்து ஜனங்கள் அங்கே அவரைத் தரிசித்தார்கள். மறு ஆண்டு, 1947-ல், அந்தச் சுற்றுப்புறத்திலேயே காந்திகிராமம் தோன்றியது. தோற்றுவித்தவர்கள் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம் யாருடைய மகள் தெரியுமா? தென்னாட்டுச் சாலைகளில் மோட்டார் பஸ்களை ஓட்டிப் பெரும் தொழில் கண்ட டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். யந்திரத்தால் செல்வம் கொழித்த வீட்டில் பிறந்தவர், டாக்டர் பட்டம் பெற்று, கிராமத்தைத் தேடி வந்தார்.

அந்த நாளில் காந்தியவாதிகளுக்குள்ளேயே யந்திரத்தைப் பற்றி ஒரு மனப்பட்ட கருத்து இல்லை. மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் வாழ்ந்த பொருளாதார மேதை குமரப்பா, டிராக்டரையும் ரசாயன உரத்தையும் கடைசி வரையில் எதிர்த்தார். காளை தன் உணவை நிலத்திலிருந்தே பெறுகிறது, சாணத்தை நிலத்துக்கே கொடுக்கிறது. டிராக்டரோ வெளியிலிருந்து எண்ணெய் கேட்கிறது, திருப்பி ஒன்றும் கொடுப்பதில்லை என்பது அந்தப் பக்கத்து வாதம். அவர் 1960-ல் மறைந்தார். அதே 1960-ல்தான் சென்னையில் டிராக்டர் செய்வதற்கென்று ஒரு பெரிய கம்பெனி தோன்றியது. சரித்திரத்துக்கு இரக்கம் இல்லாவிட்டாலும் நகைச்சுவை உண்டு.

காந்திகிராமம் யந்திரத்தோடு சண்டைக்குப் போகவில்லை. அது கேட்ட கேள்வி வேறு: கிராமத்துப் பிள்ளை படித்துவிட்டுக் கிராமத்திலேயே இருக்க முடியாதா? கிராமங்களுக்கென்றே தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான கமிஷன் 1949-ல் சொல்லியிருந்தது. 1956-ல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் தொடங்கியது. கிராம சேவைக்கென்று ஒரு டிப்ளமாப் படிப்பு ஏற்பட்டது. 1952-ல் சமுதாய நலத் திட்டம் ஆரம்பமாகி, கிராம சேவக் என்ற புது உத்தியோகஸ்தர் சைக்கிளில் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த காலம் அது. வீரிய விதை, அமோனியம் சல்பேட், ஜப்பானிய முறை நடவு எல்லாம் அந்தச் சைக்கிளில்தான் வந்தன.

இந்த முயற்சி எவ்வளவு பலித்தது? 1976-ல் அந்த நிலையம் பல்கலைக்கழக அந்தஸ்தைப் பெற்றது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தோன்றிற்று. அதன் வழியில் காந்திகிராமத்திலும் ஒன்று உண்டு. உழவரே வந்து பார்த்து, தொட்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இவ்வளவும் நிறைவுதான். ஆனாலும் படித்த பிள்ளைக்குக் கிராமத்தில் சம்பளம் கொடுக்க முன்வந்தவர் பெரும்பாலும் சர்க்கார் ஒருவரே. சர்க்காரிடம் எத்தனை நாற்காலி உண்டோ அத்தனை பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் பஸ் ஏறினார்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். கமலை இருந்த கிணற்றடியில் இன்று சொட்டு நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. சிறு குறு விவசாயிகளுக்கு அதன் செலவு முழுவதையும் சர்க்கார் மானியமாகத் தருகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியில் பொத்தானை அழுத்தினால் தோட்டத்து மோட்டார் ஓடுகிறது. மருந்து தெளிக்க டிரோன் என்ற பறக்கும் யந்திரம் வந்துவிட்டது. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, மருந்தை மூச்சில் வாங்கிக்கொண்டு ஒரு கூலியாள் பாதி நாள் செய்த வேலையை அது சில நிமிஷங்களில் முடிக்கிறது. அந்த மனிதரின் நுரையீரலுக்கு இது நல்ல செய்தி; அவருடைய கூலிக்கு நல்ல செய்தியா?

இங்கேதான் பழைய கேள்வி திரும்ப எழுகிறது. டிரோன் ஓட்ட உரிமம் பெறப் பட்டம் வேண்டியதில்லை; 2021-ல் வந்த விதிகளின்படி பத்தாம் வகுப்புத் தேறி, பதினெட்டு வயது நிறைந்து, பயிற்சி பெற்றால் போதும். 2023 நவம்பரில் மத்திய மந்திரிசபை, பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்கு 15,000 டிரோன்கள் கொடுக்கும் திட்டத்துக்குச் சம்மதம் தந்தது. காகிதத்தில் இது மிக நல்ல ஏற்பாடு. நாற்று நட்ட கைக்கே யந்திரத்தின் விசை வரவேண்டும் என்று எண்ணி ஒரு திட்டம் வகுப்பது நம் விவசாய சரித்திரத்தில் அடிக்கடி நடந்ததல்ல.

ஆனால் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காரணமும் உண்டு. 2001-ல் இந்தியாவில் சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிட்டவர்கள் 12.7 கோடிப் பேர். 2011-ல் அவர்கள் 11.9 கோடியாகக் குறைந்தார்கள். விவசாயக் கூலிகளோ அதே பத்து வருஷத்தில் 10.7 கோடியிலிருந்து 14.4 கோடியாகப் பெருகினார்கள். அதாவது யந்திரம் வேகமாக வந்த காலத்தில்தான் நிலத்தை நம்பியவன் கூலியை நம்பியவனாக மாறினான். யந்திரம்தான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. நிலம் துண்டாகிப் போனது, கடன், மழை என்று காரணங்கள் பல. ஆனால் இவ்வளவு கூலிகள் இருக்கும் நாட்டில் கூலி வேலையைக் குறைக்கும் ஒரு சாதனம் வரும்போது, அதை ஓட்டும் வேலை யாருக்கு என்று முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

ஏனென்றால் கமலை நின்றபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வடம் திரித்தவரை அழைத்துச் செப்புக் கம்பி சுற்றக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடமும் இருக்கவில்லை. கற்றுக்கொண்டவர்கள் தாங்களே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார்கள். மற்றவர்கள் மண் சுமக்கப் போனார்கள். நவீன விவசாயத்தில் நம் பிள்ளைகளுக்கு என்ன உத்தியோகம் என்று கேட்கும் பெற்றோர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உத்தியோகங்கள் நிறைய இருக்கின்றன. குழாய் பதிப்பவர், மண்ணைப் பரிசோதிப்பவர், யந்திரத்தைப் பழுது பார்ப்பவர், டிரோன் ஓட்டுபவர், விளைந்ததைத் தரம் பிரித்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் அதற்கு அப்பாலும் அனுப்புபவர் என்று பட்டியல் நீளும். அவற்றில் எத்தனை வேலைகள் கிணற்றடிக்குச் சைக்கிள் தூரத்தில் கற்றுக்கொள்ளக் கூடியவை என்று பாருங்கள். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் அந்த டாக்டர் அம்மாள் போட்டுவிட்டுப் போன கணக்கு அதுதான். அந்தக் கணக்கு சரியாக முடிந்தால், "மாப்பிள்ளை விவசாயம் செய்கிறார்" என்று சொல்லும்போது பெண்ணைப் பெற்றவர் முகம் சுருங்காது.