திருச்சியில் தூண்டில்

திருச்சிராப்பள்ளியில் காவிரியிலும், பொன்மலைக்கு வடக்கே அரியமங்கலம் வழியாகச் செல்லும் உய்யக்கொண்டான் வாய்க்காலிலும் கெண்டை, கெளுத்தி, விரால் பிடிக்கப் பயன்படும் எளிய கருவி தூண்டில். மூங்கில் கோல், நுனியில் கட்டிய தங்கூசி, தக்கை, முள், இரை ஆகியவையே இதன் உறுப்புகள். நரம்பைச் சுற்றும் உருளை கிடையாது. மீனின் இழுப்பைக் கோலின் வளைவே தாங்குகிறது. ஜப்பானிய மலையோடைகளின் டென்காரா தூண்டிலும் இவ்வகையே; அதில் இரைக்குப் பதிலாக இறகாலும் நூலாலும் செய்த பூச்சியைக் கட்டுவர்.

கோலின் இந்தத் துள்ளலைச் சங்க காலத்திலேயே கவனித்துள்ளனர். யானை வளைத்துப் பின் விட்ட மூங்கில் மேலெழுவதற்கு, மீன் பிடிக்கும் தூண்டிலைக் குறுந்தொகையின் 54ஆம் பாடல் உவமையாக்குகிறது. இயற்பெயர் தெரியாத அதன் புலவர் அவ்வுவமையாலேயே 'மீனெறி தூண்டிலார்' எனப்பட்டார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் தூண்டில் பொழுதுபோக்காகவும் ஆனது. சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலை வெளியிட்டார்.

1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் திலாப்பியா, இன்று 'ஜிலேபி' என்ற பெயரில் தமிழக நீர்நிலைகளில் பரவியுள்ளது. மாசடைந்த நீரையும் அது தாங்கும். நாட்டு மீன்கள் பலவற்றால் அது இயலாது. உய்யக்கொண்டானில் நகரின் கழிவுநீர் கலக்கிறது. கோல் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. முள்ளில் எந்த மீன் சிக்கும் என்பதை வாய்க்காலின் நீரே தீர்மானிக்கிறது.